மங்கலில் நிற்கிறவன்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறீர்களா, செய்ததாகச் சொல்லிக்கொள்கிறீர்களா?

ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே "அப்புறம்?" என்று ஆகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். லென்ஸ் பழுது பார்ப்பவரின் தங்கை லென்ஸ் வாங்க ஊரெல்லாம் யோசனை கேட்டால் நன்றாகவா இருக்கும்?

பஸ் டிப்போ மேலாளர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அங்கே இருக்கும் நாற்பத்து மூன்று டிரைவர்களையும் படம் எடுத்து ஓய்வறைச் சுவரில் மாட்ட வேண்டுமாம். "பாஸ்போர்ட் போட்டோ வேணாம்மா, மனுஷங்க மாதிரி இருக்கணும்," என்றார். நம் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறேன் அல்லவா, அங்கேதான் எடுக்கப்போகிறேன். இடப்பக்கம் ஜன்னல், நடுவில் முக்காலி. உட்கார்ந்தவருக்குப் பின்னால் நம் நீளமான நடை, அதன் கடைசியில் பின்கதவு. அந்தக் கதவின் கண்ணாடி வழியாக வரும் கொஞ்ச வெளிச்சம் பின்னணியாக அழகாக இருக்கும்.

ஃப்ளாஷ் போட்டால் எல்லோரும் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு என் பழைய லென்ஸ் போதவில்லை. ஐம்பது மில்லிமீட்டரில் 1.2 ஒன்று, 1.4 ஒன்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

அண்ணிக்கு என் அன்பு. பதிலை எதிர்பார்க்கும்,
வாலு

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். முதுகு இருக்கிறது, வலியும் அதனுடனே இருக்கிறது. பயிற்சி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் பட்டறையில் இரண்டுமே இருக்கின்றன, நானே பிரித்துப் பூட்டியவை. இரண்டையும் அனுப்புகிறேன். எடுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு.

பெரியது 1.2; எண் குறைந்தால் வெளிச்சம் நுழையும் வாய் பெரிது என்று உனக்குத் தெரியும். இங்கே அதைக் குண்டு என்போம். முன்கண்ணாடி பாதி முகத்துக்கு இருக்கும். அதன் வாயை முழுக்கத் திறந்தால் வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். ஆனால் கொஞ்சம் சோம்பேறி. கண் இமை கூர்மையாக இருந்தால் காது கரைந்திருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் போல உருகிவிடும். அடுத்தது ஒல்லி, 1.4. கறாரான ஆள். முகத்தை ஊசி மாதிரி காட்டும். பின்னணியும் மங்கும்தான், ஆனால் உருகாது. ஒவ்வொரு பொருளுக்கும் விளிம்பு இருக்கும். நாற்காலி மங்கினாலும் நாற்காலி என்று தெரியும்.

என்னைக் கேட்டால் ஒல்லி. மங்கலை வைத்துப் பிழைக்கிறவர்கள்தான் குண்டைக் கேட்பார்கள். ஆனாலும் ஒரே ஆளை, ஒரே நேரத்தில், இரண்டிலும் எடுத்துப் பார். ஃபோனில் படம் அனுப்பாதே. அதில் பார்த்தால் எல்லா லென்ஸும் ஒன்றுதான். பெரிய பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறோமே என்று அடுப்பு பற்றவைக்காமல் இருக்காதே.
அண்ணன்

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நான் சுகம். குண்டைக் கையில் எடுத்ததும் ஒரு குழந்தையைத் தூக்கின மாதிரி இருந்தது. கேமராவே அதன் பின்னால் தொங்குகிறது.

இம்மாதம் இரண்டாம் தேதி மதியம் பன்னிரண்டரைக்கு முதல் டிரைவர் வந்தார். டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பேராம். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டதிலேயே தெரிந்துவிட்டது. முக்காலியில் உட்காரவைத்து இரண்டு லென்ஸிலும் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் கண் அடிக்கடி பக்கவாட்டில் ஜன்னல் கண்ணாடிக்குப் போனது.

"நேரா பாருங்கண்ணே," என்றேன்.

"பாக்குறேன்மா. முப்பது வருஷமா கண்ணாடில பின்னாடி பாத்தே பழகிட்ட கண்ணு. பின்னாடி யாருன்னு தெரியாம உக்கார முடியாது. யாரும்மா அது?"

"யாரும் இல்லையே. நான் மட்டும்தான் இருக்கேன்."

"ஏறவும் மாட்டேங்குறாரு, இறங்கவும் மாட்டேங்குறாரு. படியிலயே நிக்கிறாரு," என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

பிரிண்ட்களை இத்துடன் வைத்திருக்கிறேன். முகத்தைப் பாருங்கள், ஒல்லியில் நேற்றைய தாடியை எண்ணலாம். ஆனால் அதே படத்தில் பின்கதவை ஒட்டி, வலப்பக்கமாக, செங்குத்தாக ஒரு கறை இருக்கிறது. குண்டில் எடுத்ததில் அது ஒரு புகை மாதிரி இருக்கிறது. லென்ஸில் ஏதாவது அழுக்கா? நடையில் துணி எதுவும் காயப்போடவில்லை, பார்த்துவிட்டேன்.

அண்ணியிடம் நான் அடுப்பு பற்றவைக்கிறேன் என்று சொல்லவும்.
வாலு

பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் தெரிந்து மகிழ்ச்சி. ஹாரன் அண்ணன் அருமையான முகம். நீ தொழில் கற்றுக்கொண்டுவிட்டாய்.

கறைக்கு வருவோம். சிரிக்காதே, எங்கள் தொழிலில் இதற்குப் பேரே பேய்தான். "இந்த லென்ஸில் பேய் வருது சார்" என்று வாரத்துக்கு ஒருவர் வந்து நிற்பார். கண்ணாடிகளுக்கு நடுவே வெளிச்சம் எதிரொளித்து எங்கேயோ ஒரு உருவம் விழும். கதவுக் கண்ணாடியின் வெளிச்சம்தான் காரணம். கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு, பேய் கதவை விட்டு விலகி எதிர்ப்பக்கம் ஓடும். ஓடினால் எதிரொளிப்பு. கேமராவைத் திருப்பியும் படத்தில் அதே மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே பூஞ்சை. இரண்டுமே இல்லாமல் கதவோடு சேர்ந்தே நகர்ந்தால் அங்கே நிஜமாகவே ஏதோ பொருள் இருக்கிறது; துடைப்பமோ, குடையோ.

ஐந்து படம் எடுத்து அனுப்பு. கேமராவைத் திருப்பி ஒன்று. கதவுக் கண்ணாடியை அட்டையால் மூடி ஒன்று. லென்ஸின் வாயைச் சுருக்கி, முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று. கதவின்மேலேயே ஃபோகஸ் வைத்து ஒன்று. கடைசியாக, முக்காலியில் யாரும் இல்லாமல், முக்காலியின்மேல் ஃபோகஸ் வைத்து ஒன்று.

எப்படியும் இரண்டு வாரத்தில் உன் பேயை ஓட்டிவிடலாம். இதற்கென்று கூலி வாங்கமாட்டேன்.
அண்ணன்

மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். கொஞ்சம் சளி.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கேமராவைத் திருப்பினால் அது எதிர்ப்பக்கம் ஓடவில்லை, மூலையில் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. கதவோடு சேர்ந்தே நகர்கிறது. கண்ணாடியை அட்டையால் மூடினாலும் இருக்கிறது. வாயைச் சுருக்கி எடுத்தால் இல்லை. வெறும் நடை, வெறும் கதவு. கதவின்மேல் ஃபோகஸ் வைத்தாலும் இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த இடம்வரை தெளிவாகத் தெரிகிறது. ஃபோகஸை முன்னுக்குக் கொண்டுவந்து நடையை மங்கவிட்டால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. கூர்மையாகப் பார்க்கிற இடத்தில் அது நிற்பதில்லை.

துடைப்பம் சமையலறையில் இருக்கிறது. குடையை இரண்டு வருஷத்துக்கு முன்பே தொலைத்துவிட்டேன்.

இதுவரை பதினெட்டு டிரைவர்கள் முடிந்தது. ஒல்லியையும் பிரிண்ட்களையும் உங்களுக்கு அனுப்புகிறேன், பிரித்துப் பாருங்கள். அதுவரை குண்டில் எடுக்கிறேன். எனக்குக் குண்டே போதும் என்று தோன்றுகிறது. பின்னால் இருப்பது இன்னது என்று தெரியாமல் இருப்பதும் ஒரு வசதிதானே?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.
வாலு

மே 4

அன்புத் தங்கைக்கு,

நலம். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

ஒல்லியைக் கடைசிக் கண்ணாடிவரை பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இங்கே பட்டறையில், வீட்டில், தெருவில் இருநூறு படம் எடுத்தேன். எதிலும் எதுவும் இல்லை.

நீ குண்டையே வைத்துக்கொள். ஒல்லி இங்கேயே இருக்கட்டும். உன் வேலைக்குக் குண்டுதான் சரி. காரணம் கேட்காதே, ஒரு தொழில்காரனின் யோசனை என்று வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பொருள் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்தால் அது எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். உன் கேமராவிலிருந்து பின்கதவு முப்பத்தோரு அடி. முதல் படத்தில் அது கதவோடு நிற்கிறது. மார்ச் ஐந்தாம் தேதி எடுத்ததில் உன்னிடமிருந்து இருபத்தேழு அடி. பன்னிரண்டாம் தேதி எடுத்ததில் இருபத்து நான்கு.

ஐந்து படம் கேட்டேன், நான்குதான் வந்தன. வெறும் முக்காலியை எடுத்த படம் எங்கே?

பின்கதவைத் தாழ் போட்டே வைத்திருக்கிறாயா?
அண்ணன்

மே 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் அண்ணியின் நலம் இல்லை, முதுகுவலியும் இல்லை. இருபது வருஷமாக மங்கலான லென்ஸை வாங்காதே என்று உலகத்துக்கே சொல்லும் நீங்கள் என்னிடம் மட்டும் குண்டை வைத்துக்கொள் என்கிறீர்கள். நீங்களும் பார்த்துவிட்டீர்கள். ஒல்லியில் அதன் முகம் தெரியாது. ஆனால் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள முகமா வேண்டும்? வலது தோளைக் கதவுநிலையில் சாய்த்து, இடதுகாலை மடக்கி வலது முழங்காலில் ஊன்றி, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்க நம் வீட்டில் ஒருவன்தான் இருந்தான். உங்களுக்கு நெட்டையன், எனக்குச் சின்னண்ணன்.

ஐந்தாவது படத்தை நான் அனுப்பவில்லை. முக்காலியில் யாரும் மறைக்காததால் அதில் முழுசாகத் தெரிந்தான். உங்களுக்கு அனுப்பினால் "இது நெட்டையன்தானே?" என்று கேட்பீர்கள். அதற்கு ஆமாம் என்று எழுதினால் மற்றதையும் எழுத வேண்டிவரும். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்பாவோடு சண்டைபோட்டு அவன் வீட்டைவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். அப்போது நீங்கள் வெளியூர் வேலையில் இருந்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மதியம் அவன் பின்கதவுக்கு வந்தான். இது யாருக்கும் தெரியாது. எனக்குப் பதினேழு வயது. அம்மா மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தாள், அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் நிற்கிறான். இளைத்துப் போயிருந்தான்.

"வாலு, அம்மா எங்க?"

"டூட்டிக்குப் போயிருக்கா. சாயங்காலம்தான் வருவா."

"அதுவரை உள்ள இருக்கட்டுமா?"

"அப்பா முழிச்சுக்குவாருடா. போயிட்டு இன்னொரு நாள் வாயேன்."

"எந்த நாளு?" என்று கேட்டான்.

நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பயம்தான் காரணம் என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க அது இல்லை அண்ணா. அவன் போன பிறகுதான் வீட்டில் சத்தம் அடங்கியிருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடனே போகவில்லை. அப்படிச் சாய்ந்துகொண்டு நின்றான், கொக்கு மாதிரி. ரொம்ப நேரம் நின்றான்.

அம்மா சாகிறவரை "ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆமாம், பின்கதவைத் தாழ் போட்டே வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
வாலு

ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

நீ என் பதிலுக்காக ஏழு வாரம் காத்திருந்திருப்பாய். உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, நான்கு நாள் இருந்தது. பிறகு என் மேஜையின் கீழ் அறையைத் திறந்தேன்.

அதில் ஒரு தபால் அட்டை இருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக. "அண்ணா, வீட்டில் கதவு திறக்கவில்லை. உன்னிடம் வரலாமா? பதில் போடு" என்று எழுதி, கீழே ஒரு விலாசம். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். பெரிய வீடு பார்த்த பிறகு எழுதலாம் என்று வைத்தேன். பெரிய வீடும் வந்தது. அதற்குள் எழுத வெட்கமாகிவிட்டது.

கதவு திறக்கவில்லை என்று படித்ததும் அப்பாதான் திறக்கவில்லை என்று நினைத்தேன். வேறு யார் மூடுவார்கள்? அதனால்தான் அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லிவிட்டு, இங்கே பட்டறையில் உட்கார்ந்து ஒரு பழைய லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மனுஷர். அவருக்குத் தெரியவே தெரியாது.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறேன் என்று சொல்லத்தான்.

லீவு போட்டு அந்த விலாசத்துக்குப் போனேன். வாடகைக்கு அறைகள் விடுகிற வீடு. ஒரு வயதான அம்மாள் கதவைத் திறந்தார். நான் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அவரோட அண்ணனா? மூக்கு அப்படியே இருக்கே."

"ஆமாங்க. அவன் இங்க எவ்வளவு நாள் இருந்தான்?"

"எவ்வளவு நாளா? இவ்வளவு நாளும் இங்கதான். விலாசம் மாத்தினா கடுதாசி வேற எங்கயாவது போயிடும்னு வேற எடமே பாக்கலை. மொதல்ல தெனம் கேப்பாரு, கடுதாசி வந்துச்சான்னு. அப்புறம் கேக்கறதை விட்டுட்டாரு. ஆனா தபால்காரரு வர்ற நேரத்துக்குப் படியில வந்து நிப்பாரு."

கடைசி ஒரு வருஷம் அவனுக்கு உடம்பு சரியில்லையாம், படுத்த படுக்கையாம். ஒரு நாள் மதியம் எழுந்து, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தானாம். "வீட்டுக்குப் போறேன்மா" என்றானாம். பையைக்கூட எடுக்கவில்லை. எழுந்து நிற்கவே முடியாதவர் எப்படிப் போவார் என்று அந்த அம்மாள் வாசலுக்கு ஓடினால், தெருவில் யாரும் இல்லை. எதிரே பெஞ்சுபோட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரரும் யாரும் வரவில்லை என்கிறார். போலீஸில் சொல்லி வைத்திருக்கிறார்கள், இன்றுவரை தகவல் இல்லை.

என்றைக்கு என்று கேட்டேன். அந்த அம்மாள் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். பிப்ரவரி இரண்டு. மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்குமாம்.

அங்கிருந்து நம் வீட்டுக்கு அரை நாள் பஸ் பயணம்.

ஒல்லியை வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவோ படம் எடுத்துவிட்டேன் வாலு. பட்டறைக் கதவு, வீட்டுக் கதவு, மாடிப்படி. எனக்கு வரமாட்டேன் என்கிறான். பதில் போடாதவனிடம் எதற்கு வருவான்?

ஆகஸ்ட் கடைசியில் அங்கே வருகிறேன். இந்த முறை லீவு கிடைத்துவிட்டது.
அண்ணன்

ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். நீங்கள் வராத அன்று நான் உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? என் வாயாலேயே திட்டினேன்.

கடிதம் வந்த அன்றே பின்கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, கல்லால் தட்ட வேண்டியிருந்தது. வெளியே யாரும் இல்லை, கொடிக்கம்பியும் அடுத்த வீட்டுச் சுவரும்தான். இருந்தாலும் நிலையில் நின்றுகொண்டு சொன்னேன்.

"எந்த நாளுன்னு கேட்டியே. இன்னைக்கு வாடா."

என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னையவா கூப்ட்டீங்க?" என்றார். இல்லை என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மதியம் திறந்து வைக்கிறேன். நாற்பத்து மூன்று டிரைவர்களும் முடிந்துவிட்டார்கள். கடைசிப் படத்தைக் குண்டில் எடுத்தேன். அது எல்லாவற்றையும் உருக்குகிற லென்ஸ்தான், ஆனால் அவன் இப்போது அவ்வளவாக உருகவில்லை. சமையலறை வாசலைத் தாண்டிவிட்டான். சாயவில்லை, இரண்டு காலிலும் நேராக நிற்கிறான். நீங்கள் சொன்ன முறைப்படி அளந்தேன். ஒன்பது அடி.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. படம் எடுக்காத நேரத்தில் அந்த நடையைப் பார்த்தால் எதுவும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. காலடிச் சத்தம் இல்லை, மூச்சு இல்லை. சாப்பிடும்போது முதுகை நடைப்பக்கம் காட்டி உட்கார முடியவில்லை. ஆனால் கதவை மட்டும் மூடமாட்டேன்.

சீக்கிரம் வாருங்கள். ஒல்லியையும் கொண்டுவாருங்கள். அண்ணிக்கு என் அன்பு.
வாலு

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

பயணம் சௌகரியமாக முடிந்ததா? பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு என்ன ஆயிற்று? நீங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்த லென்ஸ் மெக்கானிக் நீங்கள் ஒருவர்தான்.

இருந்த நான்கு நாளில் நாம் அதிகம் பேசவில்லை. பரவாயில்லை. அப்பாவின் அறையில் நீங்கள் மட்டும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, நான் வெளியே படியில்தான் இருந்தேன். இருமல் மாதிரி கேட்டது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒல்லியில் நீங்கள் தினமும் எடுத்துப் பார்த்ததில் நடை முழுக்க வெறுமையாக இருந்தது. "நான் வந்ததும் போயிட்டான் பாரு," என்று சொல்லிவிட்டு லென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். அப்போது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசி நாள் மதியம் ஹாரன் தன் படத்தை வாங்கிப்போக வந்தார் அல்லவா. "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் உக்காருங்க, நான் ஒன்னு எடுக்குறேன்," என்றார். முக்காலியை நகர்த்திவிட்டு நீளப் பெஞ்சைப் போட்டோம். குண்டின் வாயை முழுக்கத் திறந்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் கேமராவைக் கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"மூணு பேரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க."

நான் உங்களைப் பார்க்கவில்லை, நீங்களும் என்னைப் பார்க்கவில்லை. அவர் கேமராவை இறக்கி, நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வந்தது," என்றார். திரும்பவும் கண்ணில் வைத்து அழுத்தினார். அதற்குப் பிறகு டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே நீங்கள் கிளம்ப வேண்டியிருந்ததால் படத்தை நீங்கள் பார்க்கவில்லை. நேற்றுத்தான் பிரிண்ட் வந்தது, இத்துடன் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நம் இரண்டு முகமும் அவ்வளவு தெளிவு. குண்டு இவ்வளவு நன்றாக எடுக்கும் என்று நீங்கள்கூடச் சொன்னதில்லை. அது என்னிடமே இருக்கட்டும். ஒல்லியை நீங்கள் விற்றுவிடலாம்.

பின்னால் நடையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். கதவில் இல்லை, சமையலறை வாசலில் இல்லை, ஒன்பது அடியிலும் இல்லை. எங்கேயும் ஒரு கறையும் இல்லை. முதலில் எனக்கும் உங்களைப் போலத்தான் தோன்றியது, போய்விட்டான் என்று.

அதற்கப்புறம்தான் நம் இரண்டு பேரையும் பார்த்தேன். நெருங்கி உட்காரச் சொன்னார் அவர். நாம் நெருங்கவில்லை, அண்ணா. நீங்கள் சுவர்ப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் ஜன்னல்பக்கம். நீங்களும் நானும் பேசி வைத்துக்கொண்டு தள்ளவில்லை. நடுவில் சரியாக ஒரு ஆள் உட்கார்கிற இடம் இருக்கிறது. சின்ன வயதில் சாப்பிட உட்காரும்போது அவன் உட்கார்கிற இடம். உங்கள் வலது கையைப் பாருங்கள். ஒருவர் தொடையில் வைத்திருப்பது மாதிரி, பெஞ்சைத் தொடாமல் இருக்கிறது.

கூர்மை விழுகிற இடத்தில் அவன் தெரிவதில்லை என்று நாம் எத்தனை படத்தில் பார்த்தோம்? இந்தப் படத்தில் கூர்மை விழுந்திருப்பது அந்தப் பெஞ்சில் மட்டும்தான்.

உங்களிடம் வரமாட்டேன் என்கிறான் என்று எழுதினீர்கள். உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் கிளம்பிய பிறகு நான் இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேனே என்று அண்ணி கவலைப்பட்டார்களாம். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நேற்று மதியம் நடைப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

எல்லோரும் நலம்.
வாலு